தியேட்டரில் வாயை மூடச் சொல்லும் பெரியவர்களுக்கு

காலையில் கடற்கரையில் நடந்துவிட்டுக் காந்தி சிலைக்குக் கொஞ்சம் தள்ளி உட்காருவது எங்கள் வழக்கம். நாலைந்து பேர் சேருவோம். எல்லோரும் ஒரு காலத்தில் கோப்பு நகர்த்தியவர்கள், இப்போது பென்ஷன் வாங்குபவர்கள். பேச்சு சர்க்கரை அளவில் ஆரம்பித்து அகவிலைப்படியில் முடியும். 2024 செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் மட்டும் அது சினிமாவுக்குப் போனது. முந்தின நாள் இரவு பேரனோடு போய் 'லப்பர் பந்து' பார்த்துவிட்டு வந்திருந்தேன். தொண்டை கட்டியிருந்தது. என்ன ஆச்சு, மழையில் நனைந்தீர்களா என்று கேட்டார்கள். "இல்லை, தியேட்டர்ல கத்தினேன்" என்றேன்.

சிரித்தார்கள். அது பரவாயில்லை. பிறகு ஒருவர் சொன்னார்: "படம் நல்லா இருக்குன்னு என் பையனும் சொன்னான் சார். ஆனா அந்தக் காட்டுக் கத்தல்ல யாரு போயி உட்கார்றது? இன்னும் ஒரு மாசம் பொறுத்தா வீட்டுக்கே வந்துடப் போவுது."

இன்னொருவர், என்னைவிட ஒரு படி மேலே இருந்து ஓய்வு பெற்றவர், அதோடு விடவில்லை. "டீசன்ட்டா படம் பார்க்கறது எப்படின்னு நம்ம ஜனத்துக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் எப்படிப் பார்ப்பான்? ஊசி விழுந்தா சத்தம் கேக்கும். நீங்க பிரெஞ்சு படிச்சவராச்சே முசியே, நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. எனக்குப் பதில் எப்போதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும். ஆகவே இங்கே எழுதுகிறேன். அவர் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். எனக்குக் கிரிக்கெட் தெரியாது. நான் படித்த பள்ளியில் அது இங்கிலீஷ்காரன் ஆட்டம். எங்களுக்கு ஃபுட்பால், பெரியவர்களுக்குச் சாயங்காலத்தில் மணலில் இரும்புக் குண்டு உருட்டும் பெத்தாங்க். பை ரன்னுக்கும் லெக் பை ரன்னுக்கும் என்ன வித்தியாசம் என்று பேரன் நாலு தடவை சொல்லிக் கொடுத்தும் மண்டையில் ஏறவில்லை. அப்படிப்பட்ட நான் இரண்டரை மணி நேரம் கிரிக்கெட்டைப் பற்றிய படத்தை நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தேன் என்றால் அதற்கு இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து ஒரு காரணம். அன்று என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டம் இன்னொரு காரணம். எது நல்ல பந்து, எது அநியாயமான அவுட், எந்த ஓட்டம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டம் என்பதையெல்லாம் எனக்குச் சொன்னது அந்தக் கூட்டத்தின் குரல்தான். பின்வரிசைப் பையன்கள் மூச்சைப் பிடித்தால் நானும் பிடித்தேன். அவர்கள் எழுந்தால் என் முட்டியும் எழப் பார்த்தது.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராமத்து மைதானங்களில் ரப்பர் பந்தில் ஆடும் கிரிக்கெட். நடுத்தர வயதைத் தொட்ட, இன்னும் மட்டையைக் கீழே வைக்க மனமில்லாத 'கெத்து' என்ற ஆட்டக்காரர்; அட்டகத்தி தினேஷ் நடித்திருக்கிறார். அவரை வீழ்த்தத் துடிக்கும் அன்பு என்ற இளைஞன், ஹரிஷ் கல்யாண். அன்பு காதலிக்கும் பெண் அந்தக் கெத்துவின் மகள் என்பது பிறகு தெரியவருகிறது. இதற்கு அடியில் இன்னொரு கதை ஓடுகிறது. திறமை இருந்தும் அன்புவை ஊர் டீமில் சேர்த்துக்கொள்ளாததற்குக் காரணம் அவன் சாதி.

கெத்து களத்தில் இறங்கும்போது 'பொன்மனச் செல்வன்' படத்தில் இளையராஜா போட்ட பழைய விஜயகாந்த் பாட்டு ஒலிக்கிறது. அந்தப் படம் வந்தது 1989-ல். தியேட்டரில் இருந்த பையன்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் முதல் இசைத் துணுக்கிலேயே அரங்கம் முழுவதும் பாட ஆரம்பித்துவிட்டது. விஜயகாந்த் இறந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. யாரோ ஒருவர் இருட்டில் "கேப்டன்!" என்று கத்தினார். சந்தோஷக் கத்தல்தான், ஆனால் அதில் துக்கமும் இருந்தது. டிசம்பரில் சென்னைக்குப் போய்க் கடைசியாகப் பார்க்க முடியாத ஒருவர் அன்றைக்குத்தான் அழுதார் என்று எனக்குத் தோன்றியது. இதைத்தான் என் நண்பர் காட்டுக் கத்தல் என்கிறார்.

எனக்கு இடப்பக்கம் ஒரு அம்மாள், மருமகளோடு வந்திருந்தார். ஆட்டம் ஆட்டம் என்று அலையும் புருஷன்மேல் கோபம் தாங்காமல் கெத்துவின் மனைவி யசோதை டிராக்டரை ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குள் புகுந்து பிட்ச்சை உழுகிற காட்சி வந்தது. சுவாசிகா அதில் பிரமாதம். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள் தொடையில் தட்டி, "போடு! நல்லா போடு!" என்றார். பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசைகள் எல்லாம் கைதட்டின. பையன்கள் "ஐயோ பிட்ச்சு!" என்று அலறினார்கள். ஒரே காட்சியில் அரங்கம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. இரண்டு கட்சியும் சிரித்துக்கொண்டே சண்டை போட்டது.

இப்போது என் நண்பர் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். சாதிக்காக அன்புவை ஒதுக்கும் காட்சிகள் வந்தபோது அதே அரங்கம் அமைதியானது. விசில் இல்லை, கிண்டல் இல்லை. "சைலன்ஸ்" என்று எவரும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் முன்னால் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவர்கள் தானாகவே வாயடைத்துப் போனார்கள். அந்த அமைதி எனக்கு உடம்பில் உறைத்தது. நாங்கள் பள்ளியில் இருந்தபோது ஆசிரியர் பிரம்பால் மேசையைத் தட்டி "சிலான்ஸ்!" என்பார். உடனே அமைதி வரும். அது பயத்தில் வந்த அமைதி. அன்று தியேட்டரில் பார்த்தது வேறு. கத்தும் உரிமை உள்ளவர்கள், கத்த வேண்டாம் என்று தாங்களாகவே முடிவு செய்த அமைதி. ஊசி விழுந்தால் கேட்கும் என்றாரே நண்பர், அந்த நிமிடம் ஊசி விழுந்திருந்தால் கேட்டிருக்கும்.

வீட்டுக்கே வரும் என்ற கணக்கும் தப்பவில்லை. செப்டம்பர் 20-ல் வெளியான படம் அக்டோபர் 31-ல் ஹாட்ஸ்டாரில் வந்துவிட்டது. தீபாவளி லீவு. நான் மறுபடி பார்த்தேன். அதே படம்தான். ஒரு காட்சியும் குறையவில்லை. கெத்து இறங்கினார், பாட்டு வந்தது. என் மனைவி சமையலறையிலிருந்து "சவுண்டைக் குறைங்க, குக்கர் விசில் கேக்கல" என்றாள். ஆக, அன்று என் வீட்டில் அடித்த ஒரே விசில் குக்கர் விசில்.

இன்னொன்றும் கவனித்தேன். தியேட்டரில் கச்சிதமாகத் தெரிந்த சில இடங்கள் வீட்டில் தொய்வாகத் தெரிந்தன. ஒரு வசனம் முடிந்ததும் இரண்டு நொடி சும்மா நிற்கிறது. ஒரு சிக்ஸருக்குப் பிறகு பந்து நீண்ட நேரம் ஆகாயத்தில் இருக்கிறது. யோசித்தால் புரியும். அந்த இடைவெளிகள் நமக்காக விட்டவை. கைதட்டி முடிக்க, சிரித்து முடிக்க, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க விட்டவை. இலையில் ரசத்துக்குக் குழி செய்வது போல. ரசம் ஊற்றவில்லை என்றால் அது வெறும் குழிதான்.

விளையாட்டுப் படம் என்றால் இது இன்னும் பெரிய உண்மை. விளையாட்டுப் படத்தின் முடிவு பெரும்பாலும் போஸ்டரிலேயே தெரியும். 'லகான்' படத்தில் கிராமத்தார் ஜெயிப்பார்களா என்று எவருக்காவது சந்தேகம் இருந்ததா? 'கனா'வில் அந்த விவசாயி மகள் இந்தியாவுக்கு ஆட மாட்டாள் என்று நினைத்தவர் உண்டா? முடிவு தெரிந்த கதைக்கு ஜனங்கள் ஏன் காசு கொடுத்துப் போகிறார்கள்? "ஒரே மாதிரிக் கதை, இதுல என்ன இருக்கு" என்று கேட்பவர்கள் தெருக்கூத்தில் விடிய விடியக் கண் விழித்து துரியோதனன் சாவைப் பார்த்த நம் தாத்தா பாட்டிகளையும் கேட்க வேண்டும். பாரதம் தெரியாமலா அவர்கள் போய் உட்கார்ந்தார்கள்? தெரிந்த முடிவை நாலு பேரோடு சேர்ந்து அனுபவிக்கப் போனார்கள்.

மேலும், விளையாட்டுப் படத்தில் திரைக்குள்ளேயே ஒரு கூட்டம் இருக்கும். எல்லைக்கோட்டில் நிற்கும் பையன்கள், மரத்தடியில் மைக் பிடித்து வர்ணனை செய்பவர், மூலையில் நின்று எட்டிப் பார்க்கும் பெண்கள். தியேட்டரில் அந்தக் கூட்டம் திரையின் விளிம்போடு நிற்பதில்லை. முதல் வரிசையில் தொடங்கிக் கடைசி வரிசை வரை நீள்கிறது. நாமும் அந்த மைதானத்தில் நிற்கிறோம். வீட்டில் பார்த்தால் மைதானத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம்.

கூட்டம் இல்லாத ஆட்டம் எப்படி இருக்கும் என்று 2020-ல் உலகமே பார்த்தது. கொரோனா காலத்தில் ஐ.பி.எல். ஆட்டங்களை அரபு நாட்டில் காலி மைதானங்களில் நடத்தினார்கள். உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர்கள், கோடிக்கணக்கில் பணம். ஆனால் ஒளிபரப்பில் அந்த அமைதியைத் தாங்க முடியாமல், ஏற்கெனவே பதிவு செய்த கூட்டச் சத்தத்தைச் சேர்த்துத்தான் நமக்குக் காட்டினார்கள். கிரிக்கெட் தெரியாத எனக்கே அன்று ஒன்று தெரிந்தது. சத்தம் என்பது ஆட்டத்தின் குப்பை அல்ல, ஆட்டத்தின் பாதி.

மறு வருஷம் ஜூலை 22-ல் 'சார்பட்டா பரம்பரை' வந்தது. வடசென்னை குத்துச்சண்டை, பா. ரஞ்சித் எடுத்தது. ஆயிரம் பேர் நடுவில் பார்க்க வேண்டும் என்றே எடுத்த படம். தியேட்டருக்கு வராமல் நேராக அமேசானில் வந்தது. காலம் அப்படி, எவரையும் குறை சொல்ல முடியாது. அந்த இரவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் வீட்டில் கபிலன் குத்து விட்டான். ஐந்து நிமிடம் கழித்து மாடி வீட்டில் அதே குத்து விழுந்தது. எதிர் வீட்டில் அதற்கும் பிறகு. ஒரே தெருவில் எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்தோம், ஒருவரும் ஒருவரோடு சேர்ந்து பார்க்கவில்லை. அந்தப் படத்துக்கு அன்று விழாமல் போன விசில்களுக்கு இன்றும் யாரோ கடன்பட்டிருக்கிறார்கள்.

இனி வெள்ளைக்காரனுக்கு வருவோம். என்னைப் பார்த்து "நீங்க பிரெஞ்சு படிச்சவராச்சே" என்றதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

1830 பிப்ரவரி 25. பாரிஸில் கொமெதி பிரான்சேஸ் அரங்கில் விக்தோர் யூகோவின் 'எர்னானி' நாடகம் முதல் காட்சி. பழைய இலக்கண விதிகளை மீறிய நாடகம் என்பதால் பழமைவாதிகள் கூச்சல் போட்டுக் கலைக்கக் காத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் நாடகக் கொட்டகைகளில் கூலிக்குக் கைதட்ட ஆள் வைப்பது வழக்கம். சிரிக்க ஒருவர், அழ ஒருவர் என்று தனித்தனியாகக்கூட இருந்தார்கள். யூகோ கூலி ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் ரசிகர்களைக் கூப்பிட்டார். ஓவியர்கள், கவிஞர்கள், மாணவர்கள். அவர்கள் காட்சிக்குப் பல மணி நேரம் முன்பே உள்ளே போய்ச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டார்கள். தியோஃபில் கோத்தியே என்ற கவிஞர் கண்ணைப் பறிக்கும் சிவப்புச் சட்டை போட்டு வந்தார். நாடகம் ஆரம்பித்ததும் ஒரு பக்கம் கைதட்டல், ஒரு பக்கம் ஊளை. இதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'எர்னானிப் போர்' என்றே சொல்வார்கள். பள்ளியில் பெருமையோடு சொல்லித்தருவார்கள், எனக்கும் சொல்லித்தந்தார்கள். ரசிகர் மன்றம், முதல் நாள் முதல் காட்சி, தனிச் சட்டை, எதிர்க்கட்சியோடு ரகளை. இதில் எது நம் ஊரில் இல்லாதது? அங்கே நடந்தால் இலக்கிய வரலாறு, இங்கே நடந்தால் காட்டுக் கத்தலா?

இன்னொன்று. பழைய பாரிஸ் நாடக அரங்குகளில் உச்சியில், கூரைக்கு அடியில் இருக்கும் மலிவான இருக்கைகளுக்கு ஒரு பெயர் உண்டு. சொர்க்கம் என்று பொருள். உச்சரிப்பு கிட்டத்தட்ட 'பாரதி' என்று வரும். நம் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் குடியிருந்தவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏழைகள் உட்காரும் இடம் அது. அங்கிருந்துதான் விசிலும் கிண்டலும் பாராட்டும் கீழே வரும். மார்செல் கார்னே 1945-ல் எடுத்துக் கொடுத்த மாபெரும் படத்தின் தலைப்பே 'சொர்க்கத்தின் பிள்ளைகள்' என்றுதான் பொருள்படும். அந்தப் பிள்ளைகள் மேல்மாடி ரசிகர்கள். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் சினிமாவின் உச்சம் என்று கொண்டாடும் படம், தரை டிக்கெட் ரசிகனுக்குச் செய்த மரியாதை. விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் பொம்மை போல உட்கார வேண்டும் என்ற வழக்கம் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான் பரவலாக வேரூன்றியது. அதற்கு முன்னால் மொலியேர் காலத்துக் கூட்டம் நின்றுகொண்டே பார்த்தது, நின்றுகொண்டே கத்தியது.

சினிமாவின் பிறப்பையும் பாருங்கள். 1894-ல் அமெரிக்காவில் எடிசன் கம்பெனி ஒரு பெட்டியை வைத்தது. துளை வழியாக ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரு ஆள். மறு வருஷம் டிசம்பர் 28-ல் லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் ஒரு காபிக் கடையின் அடித்தளத்தில் திரை கட்டி, காசு வாங்கிக்கொண்டு முப்பத்துச் சொச்சம் பேருக்கு ஒன்றாகப் படம் காட்டினார்கள். அந்த நாளைத்தான் சினிமாவின் பிறந்தநாள் என்கிறோம். பெட்டி தோற்றது, திரை ஜெயித்தது. இன்று கைப்பேசியில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனியாகப் படம் பார்ப்பவர் நவீன மனிதர் என்று நினைத்துக்கொள்கிறார். அவர் குனிந்திருப்பது எடிசனின் பழைய பெட்டிக்குள்.

ஆகவே 'டீசன்ட்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நம் ஊரில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைப் பட்டணம், மேற்கே கறுப்புப் பட்டணம் என்று இருந்தது நமக்குத் தெரியும். தியேட்டருக்குள்ளும் ஒரு வாய்க்கால் இருந்தது. பால்கனி, சேர், பெஞ்ச், தரை. நான் சின்ன வயதில் பெஞ்ச்சிலும், சம்பளம் வந்த பிறகு சேரிலும், குடும்பம் வந்த பிறகு பால்கனியிலும் உட்கார்ந்தவன். மேலே ஏற ஏற நான் சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன். எவரும் சொல்லவில்லை. பால்கனிக்கு வந்துவிட்டால் கத்தக் கூடாது என்று நானே நினைத்துக்கொண்டேன். கீழே கத்துகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கவும் கற்றுக்கொண்டேன். அப்போது அதை நான் நாகரிகம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், நான் பெஞ்ச்சிலிருந்து வந்தவன் என்பதை மறைக்கும் வழி அது.

கீழே கத்தியவர்கள் யார்? ரோடியர் மில், சுதேசி மில், பாரதி மில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் அதில் நிறையப் பேர். தறிச் சத்தத்துக்கு நடுவே எட்டு மணி நேரம் பக்கத்தில் நிற்பவனோடுகூடப் பேச முடியாமல் நின்றவர்கள். அந்த எட்டு மணி நேர வேலையும் சும்மா வரவில்லை. 1936 ஜூலை 30-ல் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் கொடுத்த ஊர் இது. சாயங்காலம் என்ற ஒன்றை அடித்துப் பிடித்து வாங்கியவர்கள், அந்தச் சாயங்காலத்தில் திரைக்கு முன்னால் வாயைத் திறந்தால் அது அநாகரிகமா?

சரி, எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. படத்தைக் கைப்பேசியில் பதிவு செய்கிறவன், வெளிச்சத்தை நம் கண்ணில் அடிக்கிறவன், அடுத்த காட்சியை முன்கூட்டியே சொல்கிறவன், குடித்துவிட்டுப் பெண்கள் வரிசைப் பக்கம் சாய்கிறவன் ஆகியோருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களை வெளியே அனுப்பத்தான் வேண்டும். நடிகரைப் பார்க்க முண்டியடிக்கும் வெறியும் வேறு. 2024 டிசம்பர் 4 இரவு ஐதராபாத்தில் 'புஷ்பா 2' முன்காட்சிக்கு வந்த கூட்ட நெரிசலில் ஒரு தாய் உயிரிழந்தார். படம் பார்க்க வந்த குடும்பம் அது. அதை எண்ணினால் மனசு ஆறாது. ஆனால் அங்கே கொன்றது விசில் அல்ல. ஏற்பாடு இல்லாமல் திரண்ட நெரிசல். கூட்டத்தை ஒழுங்கு செய்யுங்கள், கதவைச் சரியாகத் திறந்து வையுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதைச் சாக்கிட்டு, உட்கார்ந்த இடத்தில் கைதட்டுகிறவனையும் சேர்த்துத் திட்டாதீர்கள்.

இன்னொரு கேள்வியையும் எதிர்பார்க்கிறேன். "படத்துல சாதிக்கு எதிரா கைதட்டினவன் வெளிய வந்து மாறிட்டானா?" மாறியிருப்பான் என்று நான் சொல்ல மாட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவனுக்கு மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் மாறுவார்கள் என்ற நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒன்று பார்த்தேன். அந்த இருட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எந்தத் தெரு, எந்தச் சாதி என்று எனக்குத் தெரியாது. என்னுடையது அவருக்குத் தெரியாது. அன்புவுக்கு நியாயம் கிடைக்கும் இடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். மனசுக்குள் வேறு மாதிரி நினைத்தவர் அங்கே இருந்திருக்கலாம். அவர் அன்று வாயைத் திறக்க வெட்கப்பட்டார். இரண்டரை மணி நேரமாவது ஒருவரை வெட்கப்பட வைக்கும் இடம் நம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது? வீட்டு சோபாவில் தனியாகப் பார்த்தால் வெட்கப்பட அவசியமே இல்லை.

எனக்குக் கவலை இதுதான். நம் வயதுக்காரர்கள் "வீட்டுக்கே வரும்" என்று நின்றுவிட்டால் இழப்பு படத் தயாரிப்பாளருக்கு மட்டும் இல்லை. தமிழ்நாட்டிலும் இங்கேயும் எத்தனை பழைய தியேட்டர்கள் கல்யாண மண்டபமாகவும் ஜவுளிக் கடையாகவும் மாறிவிட்டன என்பதை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தால் விரல் போதாது. மிச்சம் இருக்கும் இடங்களில் இருபது வயதுக்காரர்கள் மட்டும் உட்கார்ந்தால் அது பாதிக் கூட்டம். அந்தப் பாட்டு 1989-ல் புதிதாக வந்தபோது கேட்டவன் ஒருவனாவது பக்கத்தில் உட்கார வேண்டாமா? அந்த இரவு இடைவேளையில் பின்வரிசைப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான், "தாத்தா, நீங்க கேப்டன் படம் அப்போ தியேட்டர்லயே பார்த்திருக்கீங்களா?" பார்த்திருக்கிறேன் என்றேன். என்னமோ நான் உலகக் கோப்பையில் ஆடிவிட்டு வந்தது போல் அவன் நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினான்.

ஆகவே பெரியவர்களே, ஒரு யோசனை. அடுத்த விளையாட்டுப் படம் வரும்போது முதல் வாரத்திலேயே போங்கள். காலைக் காட்சி வேண்டாம். அதில் நாமே நாலு பேர்தான் இருப்போம். சனிக்கிழமை சாயங்காலம் போங்கள். ஓரமாக உட்காராமல் நடுவில் உட்காருங்கள். காது கருவி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். விசில் அடிக்கப் பல் இல்லை என்றால் கை இருக்கிறது.

நான் சும்மா சொல்லிவிட்டு நிற்கவில்லை. 2025 அக்டோபரில் மாரி செல்வராஜின் 'பைசன்' வந்தது. கபடிப் படம். என்னை முசியே என்று கிண்டல் செய்த அதே நண்பரைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனேன். கபடி அவர் சின்ன வயதில் தன் ஊரில் ஆடியது என்று போகும் வழியில்தான் சொன்னார். இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கு அது தெரியாது. உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சுற்றிலும் சத்தம் எழுந்தபோதெல்லாம் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இரண்டாவது பாதியில் ஒரு பாடல்ல, ஒரு ரெய்டு. துருவ் விக்ரமை நாலு பேர் மடக்கிவிட்டார்கள். கோட்டுக்கும் விரலுக்கும் கொஞ்சம்தான் தூரம். பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். என் நண்பர் பாதி எழுந்து நின்றார், வலது கை முன்னால் நீட்டியிருந்தது, வாய் திறந்திருந்தது.

அவர் என்ன கத்தினார் என்பது எனக்குக் கேட்கவில்லை. அரங்கத்தில் அவ்வளவு சத்தம். மறுநாள் கடற்கரையில் கேட்டதற்கு, "கால் மரத்துப் போச்சு சார், அதான் எழுந்தேன்" என்றார். இதைப் படித்த பிறகும் அப்படித்தான் சொல்வார். சொல்லட்டும். அன்று அவருக்கும் தொண்டை கட்டியிருந்தது.